திறக்க மறுத்த படம்

"என் தம்பியை இவங்கதான் கூட்டிட்டுப் போய் ஏதோ பண்ணிட்டாங்க சார். இதோ, இந்தச் சிவப்புச் சட்டைக்காரன். இவன் சிரிக்கிற சிரிப்பே சரியில்லை."

அந்த அம்மாள் கைப்பேசியை மேசைமீது வைத்து, திரையில் இருந்த மனிதனின் மூக்கை விரலால் குத்தினார். குத்திய வேகத்தில் படம் பெரிதாகி, மூக்கு மட்டும் திரை முழுவதையும் அடைத்துக்கொண்டது.

"அக்கா, மூக்கை வெச்சு ஆளைப் பிடிக்க முடியாது. கொஞ்சம் தள்ளி நின்னு பாப்போம்" என்று சொல்லிக்கொண்டே பட்டாசு அதைச் சிறிதாக்கினாள்.

பட்டாசு என்பது அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயரன்று. கணினி பழுதுபார்க்கும் கடையில் நெடுங்காலம் வேலை பார்த்து, முதலாளியோடு வாய்ச்சண்டை போட்டு வெளியேறியபோது அவர் வைத்த பெயர். அந்த வாயை நம்பித்தான் துப்பறிவாளர் அவளைத் தம் உதவியாளராக அமர்த்திக்கொண்டார். அவர் வாயிலிருந்து சொற்கள் அளந்துதான் வரும். காவல் துறையில் இருந்த காலத்தில் அவரை 'முற்றுப்புள்ளி' என்று அழைப்பார்கள். வழக்குகளை முடித்து வைப்பவர் என்பதற்காக வைத்த பெயர் என்று வெளியில் சொல்லிக்கொண்டார்கள். அவர் பேசினால் அத்துடன் பேச்சு முடிந்துவிடும் என்பதே உண்மைக் காரணம். ஓய்வு பெற்ற பிறகு அவரோடு பேச்சைத் தொடங்குவார் எவரும் இல்லாமற் போயினர். அலுவலகத்தின் பின்னறையிலேயே ஒரு கட்டில், ஓர் அடுப்பு, ஒரு நாற்காலி என்று வாழ்ந்துகொண்டிருந்தார்.

"முதலிலிருந்து சொல்லுங்கள்" என்றார் அவர்.

அம்மாள் சொன்னார். அப்பாவும் அம்மாவும் போய்விட்ட பிறகு அவருக்கு மிஞ்சிய ஒரே பிறந்தவீட்டு உறவு இந்தத் தம்பிதான். அவர் ஓர் இரவு இரயில் பயணத் தூரத்தில் கணவன், பிள்ளைகளோடு இருக்கிறார். தம்பி இங்கே தனி அறையில். பழைய நிழற்படங்களைத் திருத்திக் கொடுப்பது அவன் தொழில். கிழிந்த படத்தைத் தைப்பான், மங்கிய முகத்துக்கு உயிர் கொடுப்பான். ஆனால் மனிதர்களோடு ஒட்டமாட்டான்.

"யாரோடயாவது பழகுடா, யாரோடயாவது பழகுடான்னு உயிரை எடுத்தேன் சார். அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை இந்த மாதிரி படம் அனுப்ப ஆரம்பிச்சான். நண்பர்களோட சாப்பிடறது, மொட்டைமாடியில சிரிச்சுக்கிட்டு நிக்கறதுன்னு. வாரம் தவறாம வரும். எனக்கு மனசு நிறைஞ்சு போச்சு. இப்ப ஃபோன் அணைஞ்சு கெடக்கு. வீட்டுல ஆள் இல்லை. கடைசியா வந்த படம் திறக்கவே மாட்டேங்குது."

"காவல் நிலையத்தில்?"

"படத்தைப் பாத்துட்டுச் சிரிக்கறாங்க. 'இத்தனை சிநேகிதங்க இருக்கற ஆம்பளை எங்கயாவது ஊர் சுத்தப் போயிருப்பாரு, வருவாரு, போங்கம்மா'ங்கறாங்க. கடைசிப் படத்தைக் காட்டினேன். 'கெட்டுப்போன ஃபைலு'ன்னுட்டாங்க."

துப்பறிவாளர் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். உணவகம், பூங்கா, மொட்டைமாடி. நடுவில் எப்போதும் அந்தத் தம்பி: மெலிந்த முகம், சற்றே குனிந்த தோள். சுற்றிலும் கலகலப்பான ஆட்கள்.

"இவங்க யாருமே சாப்பிட மாட்டாங்களா சார்?" என்றாள் பட்டாசு. "மேசையில இத்தனை பேர் உக்காந்திருக்காங்க. எச்சில் பட்டது ஒரே தட்டுதான். இப்படி விருந்தாளிங்க எனக்கு வாய்க்க மாட்டேங்கறாங்களே!"

துப்பறிவாளர் வேறொன்றைக் கவனித்துக்கொண்டிருந்தார். எந்தப் படத்திலும் அந்த நண்பர்கள் தம்பியைப் பார்க்கவில்லை. ஒருவன் வானத்தைப் பார்த்துச் சிரித்தான், மற்றவன் படத்துக்கு வெளியே இருந்த எவரையோ பார்த்துச் சிரித்தான்.

"பேசும்போது முகம் பார்த்துப் பேசுவதுண்டா? இந்தக் கைப்பேசியில்?"

"இல்லை சார். அவன் ஃபோன்ல கேமரா சரியில்லைம்பான்."

"படத்துல பொழைக்கற மனுஷனுக்குக் கேமரா சரியில்லையா?" என்று பட்டாசு புருவத்தை உயர்த்தினாள்.

அம்மாள் அதை அன்றுதான் முதன்முதலாக எண்ணிப் பார்த்தவர்போலக் கைப்பேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

*

தம்பி குடியிருந்த மாடியறையின் பூட்டை வீட்டுக்காரர் முணுமுணுத்துக்கொண்டே திறந்துவிட்டார்.

"நல்ல மனுஷன்தாங்க. இருக்கறதே தெரியாது. நாலு வருஷமா இந்தப் படியில அவரைத் தவிர ஒருத்தர் ஏறி நான் பாத்ததில்லை."

"பொய்!" என்று பாய்ந்தார் அக்கா. "இந்தப் படத்தைப் பாருங்க. இந்தக் கூட்டம் உங்க மொட்டைமாடியிலதானே நிக்குது?"

வீட்டுக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு உற்றுப் பார்த்தார். "மாடி நம்ம மாடிதான். ஆளுங்க நம்ம ஆளுங்க இல்லை. இத்தனை பேர் ஏறினா என் பொண்டாட்டி சும்மா விடுவாளா? கீழ இருந்தே கத்தித் தள்ளிருப்பா."

அறையைத் துப்பறிவாளர் நிதானமாகச் சுற்றி வந்தார். ஒரு நாற்காலி. ஒரு தட்டு. கைப்பிடி உடைந்து ஒட்டப்பட்ட ஒரு கோப்பை. மேசைமேல் மடிக்கணினி வைத்திருந்த இடத்தில் மட்டும் தூசு இல்லை. கணினியும் அதன் மின்கம்பியும் போயிருந்தன. குளியலறையில் பல்துலக்கி இல்லை. ஆனால் கதவருகே, துடைத்து மினுக்கிய ஒரே சோடி காலணி அப்படியே இருந்தது.

அலமாரியின் மேல்தட்டில், வண்ணத்தாள் பிரிக்கப்படாத அட்டைப்பெட்டி ஒன்று இருந்தது.

"அது நான் குடுத்தது" என்றார் அக்கா. "கோப்பைங்க. நண்பர்கள் வந்தா குடுக்க ஆகட்டும்னு போன தடவை வாங்கிட்டு வந்தேன். ஏன் இன்னும் பிரிக்கலை?"

அந்தக் கேள்விக்கு என்ன விடை என்பது துப்பறிவாளருக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அவருடைய பின்னறை அலமாரியிலும் அப்படியொரு பெட்டி இருந்தது. பணி நிறைவு நாளில் துறையினர் கொடுத்தது. அவர் பேச்சை மாற்றினார்.

"பல்துலக்கியை எடுத்துக்கொண்டு காலணியை விட்டுவிட்டுப் போகிறவர் எங்கே போவார்?"

"செருப்பு போட்டுட்டுப் போயிருப்பார்" என்றாள் பட்டாசு.

"வெளியூர் சுற்றப் போகிறவரா? இருக்கும் ஒரே நல்ல காலணியை விட்டுவிட்டா?"

"அப்ப, காலுக்கு வேலை இல்லாத இடத்துக்குப் போயிருக்கார்."

"கடத்தப்பட்டவர் பல்துலக்கியை எடுத்துக்கொள்வதில்லை. ஆகவே தாமாகவே போனார். எங்கே என்பதை அந்தக் கடைசிப் படம் சொல்லும்."

"சொல்லும் சார். வாயைத்தான் திறக்க மாட்டேங்குது."

*

அலுவலகத்துக்குத் திரும்பியபோது நண்பகல் தாண்டியிருந்தது. வெளியே தூறல். பட்டாசு தன் மடிக்கணினியில் அந்தக் கடைசிப் படக் கோப்பை இறக்கிக்கொண்டாள். அவள் கணினியில் ஓடியது லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம். கோப்புப் பெயரின் பின்னொட்டு காட்டிய, தம்பி பயன்படுத்திய அதே படத்திருத்த மென்பொருளும் அதில் இருந்தது. எவரும் விலையின்றி எடுத்துக்கொள்ளலாம், உள்ளே இருக்கும் நிரலைப் பிரித்துப் படிக்கலாம், திருத்தலாம் என்று திறந்து வைக்கப்பட்ட மென்பொருள்.

கோப்பைத் தட்டினாள். 'இந்தக் கோப்பின் பதிப்பை ஆதரிக்க இயலாது' என்றது திரை.

"இது அனுப்ப வேண்டிய படமே இல்லை சார். இந்த மென்பொருள்ல 'சேமி'ன்னு சொன்னா, வேலை செஞ்சதெல்லாம் அடுக்கடுக்கா அப்படியே ஒரு ஃபைலா நிக்கும். அது அவங்க சமையலறை மாதிரி. பரிமாறணும்னா 'ஏற்றுமதி'ன்னு தனியா ஒண்ணு இருக்கு. அப்பதான் எல்லாரும் பாக்கற சாதாரணப் படமா வரும். தம்பி ஏதோ அவசரத்துல தட்டை அனுப்பறதுக்குப் பதிலா சமையலறையையே தூக்கி அனுப்பிட்டார்."

"அவ்வளவு கைதேர்ந்தவர் அந்தப் பிழையைச் செய்வாரா?"

"கைதேர்ந்தவங்க மட்டும்தான் செய்வாங்க. புதுசா வர்றவங்களுக்கு ஒவ்வொரு பொத்தானையும் பாத்துப் பாத்து அழுத்தற பயம் இருக்கு."

அடுத்து அவள் அந்தக் கோப்பை வெறும் எழுத்தாகத் திறந்தாள். புரியாத குறிகள் குப்பையாகக் கொட்டின. ஆனால் முதல் வரி தெளிவாக இருந்தது: மென்பொருளின் பெயர், பக்கத்தில் ஒரு பதிப்பெண்.

"நெத்தியிலயே எழுதி ஒட்டியிருக்கு, பாருங்க. இது கெட்டுப்போன ஃபைல் இல்லை. நம்மகிட்ட இருக்கற வெர்ஷனைவிடப் புதுசு. கடையில கெடைக்கற பதிப்பு இல்லை, இன்னும் பட்டறையில இருக்கற பதிப்பு."

'கெட்டுப்போன கோப்பு' என்று சொல்லி அனுப்பிய அதிகாரி, அந்த ஒரு வரியைப் படித்திருக்கலாம். படிக்கவில்லை. பாராமலே முடிவு சொல்லும் பழக்கத்தால் இவ்வுலகில் எத்தனை பேர் தேடப்படாமலே போகிறார்கள் என்று எண்ணியபோது துப்பறிவாளருக்கு உள்ளம் கொதித்தது. எழுந்து சாளரத்தருகே போய் நின்றுகொண்டார்.

"பட்டறைப் பதிப்பை நீ நிறுவ முடியுமா?"

"முடியும். ஆனா பழசு மேல கை வெக்கக் கூடாது. புதுசுக்குத் தனிக் குடித்தனம், தனி ஃபோல்டர். ரெண்டையும் ஒரே இடத்துல விட்டா மாமியாரும் மருமகளும் ஒரே அடுப்புல சமைச்ச மாதிரி ஆயிடும். அப்புறம் ரெண்டும் எழுந்திருக்காது."

அன்று காலை வெளிவந்த பட்டறைப் பதிப்பை இறக்கி, தனி உறையில் நிறுவினாள். அது எழுந்து நின்றது. கோப்பையும் திறக்க முயன்றது. பிறகு ஒரு சாம்பல் நிறத் திரையைக் காட்டிவிட்டுச் சுருண்டு விழுந்தது.

"செத்துப்போச்சு!" என்று அலறினார் அக்கா.

"சாகலைக்கா, மயக்கம். பட்டறைன்னா அப்படித்தான். நேத்து மாட்டின கதவை இன்னைக்குக் கழட்டிருப்பாங்க. தம்பி சேமிச்ச அன்னைக்கு இருந்த அதே பதிப்புதான் வேணும். அது எதுன்னு பட்டறைக்காரங்களையே கேப்போம்."

மென்பொருளை உருவாக்குவோர் பிழைகளைப் பதிந்து விவாதிக்கும் இணையப் பலகை ஒன்று இருந்தது. பட்டாசு அதில் பதிப்பெண்ணை எழுதிக் கேட்டாள். சிறிது நேரத்தில் 'ஆந்தை' என்ற புனைபெயரில் ஒருவர் விடை எழுதினார். பட்டாசு அதைத் தமிழாக்கிப் படித்தாள்.

"'இந்த எண் சில நாள் மட்டும்தான் இருந்தது. படத்தின் அடுக்குகளை எழுதும் முறையை மாற்றிப் பார்த்தோம், சரிவரவில்லை, திரும்பப் பெற்றுக்கொண்டோம். அதில் சேமித்தவர் எவராக இருந்தாலும் மூலநிரலிலிருந்து தாமே தொகுத்து, ஓடும் மென்பொருளாக்கிக்கொண்டவராகத்தான் இருப்பார். எனக்குத் தெரிந்து அப்படித் தினமும் தொகுப்பவர் ஒருவரே. நத்தை.'"

"நத்தையா?"

"தம்பியோட புனைபெயரா இருக்கும். இருங்க, இன்னும் எழுதறார்." பட்டாசின் குரல் மெல்லத் தாழ்ந்தது. "'நத்தை ஒவ்வொரு நாள் காலையும் புதுப் பதிப்பைத் தொகுத்து, வேலை செய்கிறது என்றோ, இந்த இடத்தில் உடைகிறது என்றோ எங்களுக்கு எழுதுவார். அதன்பின் ஒரு வரி, அவர் ஊரில் மழையா வெயிலா என்று. சில நாள்களாக எழுதவில்லை. அவருக்கு இரண்டு முறை எழுதிக் கேட்டேன். இந்தக் கோப்பு அவருடையதா? அவர் நலமா?'"



"இந்த ஆந்தை உலகத்தோட எந்த மூலையில இருக்காரோ. தம்பி மூஞ்சியைக்கூடப் பாத்திருக்க மாட்டார். காணோம்னு முதல்ல தெரிஞ்சது இவருக்குத்தான் சார்."

அக்கா சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டார். "நான் ஞாயித்துக்கிழமை வரைக்கும் காத்துக்கிட்டிருந்தேனே" என்றார்.

ஆந்தை எந்த நாளின் நிரலை எடுக்க வேண்டும் என்பதையும் எழுதியிருந்தார். பட்டாசு அதை இறக்கித் தொகுக்கத் தொடங்கினாள். அது எளிதில் மசியவில்லை. ஒரு துணைத்தொகுப்பு வேண்டும் என்றது. அதைக் கொடுத்தால் அதற்கு வேறொன்று வேண்டும் என்றது. அந்த வேறொன்றோ, உன்னிடம் இருப்பது பழையது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"சம்பந்தி வீட்டுக்காரங்க தோத்தாங்க சார். ஒருத்தரைச் சமாதானம் பண்ணினா அடுத்தவர் கோவிச்சுக்கறார்."

"பொறுமையாகச் செய்."

"நான் பொறுமையாத்தான் இருக்கேன். நீங்கதான் தரையைத் தேய்ச்சுட்டிருக்கீங்க."

துப்பறிவாளர் அப்போதுதான் தாம் உலவிக்கொண்டிருப்பதை உணர்ந்து நின்றார். திரையில் வரிகள் மளமளவென்று ஓடின, நின்றன, மீண்டும் ஓடின. ஒரு முறை சிவப்பு எழுத்தில் முறிந்தபோது, கேட்பதற்கு முன்பே ஆந்தையிடமிருந்து திருத்தம் வந்தது. அவரும் அங்கே உறங்காமலோ உண்ணாமலோ திரை முன்னால் காத்துக்கொண்டிருந்தார் போலும்.

இறுதியில் ஓட்டம் நின்றது. பட்டாசு கைகளைத் தேய்த்துக்கொண்டாள்.

"தொறடா ராசா" என்று சொல்லித் தட்டினாள்.

*

படம் திறந்தது.

ஒளி நிறைந்த உணவக மேசை. நடுவில் தம்பி. ஒரு பக்கம் கண்ணாடி அணிந்த ஒருவர், மறுபக்கம் அந்தச் சிவப்புச் சட்டை, பின்னால் நின்றபடி குனிந்து சிரிக்கும் இருவர்.

"இவனேதான்!" என்று அக்கா எழுந்துவிட்டார். "சார், உடனே போலீசுக்குச் சொல்லுங்க. இவன் எங்க இருக்கான்னு கண்டுபிடிங்க."

"கண்டுபிடித்துவிட்டோம்" என்றார் துப்பறிவாளர். குரல் அவருக்கே அயலாக ஒலித்தது. "பட்டாசு, அந்தச் சிவப்புச் சட்டைக்கு எதிரே ஒரு கண் அடையாளம் இருக்கிறதல்லவா? அதை மூடு."

திரையின் ஓரத்தில் படத்தின் அடுக்குகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சிறிய கண். பட்டாசு ஒரு கண்ணை மூடினாள்.

சிவப்புச் சட்டைக்காரன் மறைந்தான். அவன் இருந்த இடத்தில் வெறும் நாற்காலி.

அக்கா திரையருகே குனிந்தார்.

அடுத்த கண்ணை மூடினாள். கண்ணாடிக்காரர் போனார். அடுத்தது, அதற்கடுத்தது. பின்னால் குனிந்து சிரித்தவர்கள் இருந்த சுவடே இல்லை. எவரோ எங்கேயோ எடுத்துப் பொதுப் பயன்பாட்டுக்கு விட்ட படங்களிலிருந்து வெட்டிக் கொண்டுவந்த அயலார். தம்பி அவர்களுக்கு நிழல் வரைந்திருந்தான். முகத்தில் மேசைவிளக்கின் மஞ்சளைப் பூசியிருந்தான். பெயர் தெரியாத காரணத்தால் ஒவ்வோர் அடுக்குக்கும் தானே ஒரு பெயர் வைத்திருந்தான். பட்டாசு அவற்றை வாய்விட்டுப் படித்தாள். 'சத்தமாகச் சிரிப்பவர்'. 'கதை சொல்பவர்'. 'தாமதமாக வருபவர்'.

நான்காவது பெயரை அவள் படிக்கவில்லை. துப்பறிவாளர் குனிந்து தாமே பார்த்தார். 'என்னைப் பார்ப்பவர்' என்று இருந்தது. அந்த முகத்தின் விழிகளைத் தம்பி பலமுறை அழித்து வரைந்திருந்தான். எவ்வளவு முயன்றும் அவை சற்று விலகி, மேசையின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தன.

"நண்பர்களே இல்லையா?" என்றார் அக்கா. "ஒருத்தர்கூடவா?"

"நிறுத்தாதே" என்றார் துப்பறிவாளர். "உணவகத்தையும் எடு."

சுவர் மறைந்தது, தொங்கும் விளக்குகள் மறைந்தன, மேசைவிரிப்பு மறைந்தது. 'முழுக்கை' என்று பெயரிட்ட சிறிய அடுக்கு ஒன்று எஞ்சியிருந்தது. பட்டாசு அதையும் மூடினாள். சட்டையின் நீண்ட கை மறைந்து, தம்பியின் மணிக்கட்டு தெரிந்தது. அதில் ஒரு பிளாஸ்டிக் பட்டை.

இப்போது திரையில் இருந்தது ஒரே அடுக்கு. அதன் பெயர் 'நான்'. கட்டிலின் குறுக்கே சக்கரம் வைத்த சிறு மேசை, அதன்மேல் பாதி உண்ட தட்டு, பச்சை நிற மருத்துவமனை அங்கி, சாய்த்து வைத்த தலையணையில் தம்பி. கைப்பேசியை எதிரே எதன்மேலோ நிறுத்தித் தன்னைத் தானே எடுத்துக்கொண்ட படம். சிரிக்க முயன்றிருந்தான்.

"ஐயோ, என் ராசா" என்றார் அக்கா. திரையில் தம்பியின் முகத்தைத் தடவினார். பட்டாசு துப்பறிவாளர் பக்கம் திரும்பினாள்.

"சார், எந்த ஆஸ்பத்திரி? ஊர்ல எத்தனை இருக்கு!"

துப்பறிவாளர் கட்டிலுக்குப் பின்னால் இருந்த சாளரத்தைச் சுட்டினார். கண்ணாடிக்கு வெளியே, கீழே, ஒரு கால்வாய்; அதன்மேல் வளைந்த இரும்பு நடைபாலம்; பாலத்தின் நடுவில் ஒரு கிராதி உடைந்து கயிற்றால் கட்டப்பட்டிருந்தது.

"அந்தக் கயிற்றை நான் நாள்தோறும் பார்க்கிறேன். மாலையில் அந்தப் பாலத்தில்தான் நடப்பேன். பாலத்தை இவ்வளவு உயரத்திலிருந்து பார்க்கக்கூடிய கட்டடம் அக்கரையில் ஒன்றுதான்."

அவருக்குள் வேறோர் எண்ணம் ஓடியது. தம்பியைக் காணாத இந்தச் சில மாலைகளிலும் அவர் அந்தப் பாலத்தில் நடந்திருக்கிறார். மேலே ஒருவன் சாளரத்தருகே படுத்திருந்தான். தாமும் தலையை நிமிர்த்தவில்லை.

*

"உறவுக்காரங்களா?" என்று செவிலி கேட்டபோது அவர் கண்கள் அகன்றன. "யாருமே இல்லைன்னு சொன்னாரே! இதயத்துல அடைப்பு. ஆபரேஷன் ரெண்டு தடவை தள்ளிப்போச்சு. கூட இருந்து கையெழுத்துப் போட ஒரு ஆள் வேணும்னு டாக்டர் கேட்டுக்கிட்டே இருக்கார். இவர் வாயே திறக்கலை. நாளைக்குமேல தள்ள முடியாதுன்னு சொல்லிட்டாங்க. முதல் தடவை ஆபரேஷனுக்குத் தயார் பண்ணும்போதே ஃபோனையும் லேப்டாப்பையும் வாங்கி வெச்சுட்டோம். வாங்கும்போதுகூட, 'ஒரே ஒரு படம், ஒரே ஒரு படம்'னு கெஞ்சினார்."

"அதான் சமையலறையோட அனுப்பிட்டார்" என்று பட்டாசு மெல்லச் சொன்னாள்.

அக்கா அதற்குள் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு உள்ளே போயிருந்தார்.

துப்பறிவாளரும் பட்டாசும் வாசலில் நின்றார்கள். கட்டிலில் இருந்தவன் திடுக்கிட்டு எழ முயன்றான். அக்கா அவன் தோளை அமுக்கிப் படுக்க வைத்தார். அந்த வேகத்தில் ஓர் அறை கொடுப்பார் என்றே தோன்றியது.

"நீ ஏன்டா என்கிட்ட சொல்லலை?"

"அம்மாவை நீதானேக்கா இந்த மாதிரி கட்டில் பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்ட. மறுபடியும் உன்னை உக்கார வெக்க வேணாம்னு..."

"வேணாம்னு?"

"அப்புறம், நீ வந்தா என் நண்பர்களைப் பாக்கணும்பே."

அக்கா தம்பியின் நெற்றியில் கை வைத்தார். "பாத்துட்டேன்" என்றார். "நான் நச்சரிச்சதாலதானே அவங்களையெல்லாம் கூட்டிட்டு வந்தே. இனிமே கேக்க மாட்டேன். நீ மட்டும் இருந்தாப் போதும்டா எனக்கு."

தம்பி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது. சற்றுக் கழித்துத் திரும்பியபோது, ஈரம் உலராத கண்களில் ஐயம் ஒன்று முளைத்தது.

"அந்த ஃபைலைத் தொறந்தீங்களா? அதை எந்த வெர்ஷன்லயும் தொறக்க முடியாதே. எதுல தொறந்தீங்க?"

"தொகுத்தேன்" என்றாள் பட்டாசு வாசலிலிருந்து. "உங்க பட்டறைப் பதிப்பை. உயிர் போச்சு. ஆந்தை உதவி பண்ணினார்."

"ஆந்தையா? அவர்... என்னைக் கேட்டாரா?"

"கேட்டாரா! ரெண்டு தடவை எழுதிட்டுப் பதில் இல்லாம தவிச்சுட்டு இருக்கார் மனுஷன். அங்க மழையா வெயிலான்னு யாருமே சொல்றதில்லையாம். நான் போய் 'தூறல்'னு எழுதிடட்டுமா, நீங்களே எழுதறீங்களா?"

தம்பி சிரித்தான். படங்களில் இருந்த சிரிப்பு போன்றதன்று. கோணலாக, ஒரு பக்கம் மட்டும் ஏறிய சிரிப்பு.

இதற்குமேல் அங்கே தமக்கு வேலை இல்லை என்று துப்பறிவாளர் கருதினார். எவரிடமும் சொல்லிக்கொள்ளாமல் படியிறங்கினார்.

*

தூறல் விட்டிருந்தது. பாலத்தின் நடுவில், கயிறு கட்டிய கிராதியருகே, அவர் நின்றார். வழக்கு முடிந்தது. முடிந்த வழக்குகளுக்குப் பிறகு எப்போதும் வரும் அந்த வெறுமை இன்றும் தவறாமல் வந்து பக்கத்தில் நின்றது. இனி அலுவலகம், பின்னறை, ஒரு தட்டு, அலமாரியில் பிரிக்கப்படாத பெட்டி. சிவப்புச் சட்டைக்காரனாவது அந்தத் தம்பிக்கு இருந்தான். நமக்கு நிழல் வரைந்து சேர்த்துக்கொள்ளக்கூட ஒரு முகம் தெரியாதே என்று எண்ணிக்கொண்டார்.

சட்டைப்பையில் கைப்பேசி அதிர்ந்தது. பட்டாசு ஒரு படம் அனுப்பியிருந்தாள்.

நேர்த்தியே இல்லாத படம். பாதித் திரையை அவளுடைய கட்டைவிரல் மறைத்திருந்தது. கட்டிலில் தம்பி, பக்கத்தில் அழுது வீங்கிய முகத்தோடு அக்கா, பின்னால் அவசரமாகத் தலைமுடியைச் சரிசெய்துகொள்ளும் செவிலி. அக்கா தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பிக்கு இடப்பக்கம் ஒரு நாற்காலி காலியாகக் கிடந்தது.

உடனே அழைப்பும் வந்தது.

"சார், எங்க போயிட்டீங்க? தம்பி கேக்கறார், பாலத்தைப் பாத்து ஆஸ்பத்திரியைக் கண்டுபிடிச்சவர் யாருன்னு. உங்களைத் தனி லேயரா வெட்டி ஒட்டிக்கட்டுமாங்கறார். நான் வேணாம்னு சொன்னேன். உங்க மூஞ்சிக்கு நிழல் போடறது கஷ்டம்."

துப்பறிவாளர் தலையை நிமிர்த்தினார். அக்கரைக் கட்டடத்தில், உயரத்தில், ஒரு சாளரத்தில் கட்டைவிரலளவில் ஓர் உருவம் கைப்பேசியைக் காதில் வைத்தபடி இரு கைகளையும் ஆட்ட முயன்று, அதைக் கீழே போட்டது. காதில் தடாலென்ற ஓசை. அதைத் தொடர்ந்து எவரெவரோ சிரிக்கும் ஒலி.

"சார்? லைன்ல இருக்கீங்களா? நாற்காலியை எடுத்துடட்டுமா, வெச்சிருக்கட்டுமா?"

"வைத்திரு" என்றார் முற்றுப்புள்ளி. வழக்கமாக அத்துடன் பேச்சு முடிந்துவிடும். அன்று முடியவில்லை. அலுவலகத்தை நோக்கி விரைந்து நடந்துகொண்டே, "அவர்களுக்குக் குடிக்க ஏதாவது வாங்கி வரட்டுமா? என்னிடம் புதுக் கோப்பைகள் இருக்கின்றன" என்று கேட்டார்.